பீப்பாய்ச் சுவரில் படிந்த அமிலம்

ஐரோப்பாவின் மதுக்கிடங்குகளில் குளிர்காலம் வந்தால் பீப்பாய்களின் உள்சுவரில் கடினமான ஒரு படிவு ஏறும். வெள்ளை மது என்றால் சாம்பல் நிறம். சிவப்பு மது என்றால் கருஞ்சிவப்பு. பீப்பாய் காலியானதும் அதைச் சுரண்டி எடுத்து மூட்டை கட்டி விற்பார்கள். கம்பளிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் படிகாரத்தோடு சேர்க்க வாங்கினார்கள். மருந்து செய்கிறவர்கள் பேதிக்குக் கொடுக்க வாங்கினார்கள். அந்தப் படிவுக்குள் இருப்பது டார்டாரிக் அமிலம். நம் சமையலறைப் புளியின் புளிப்புக்கும் முதன்மையான காரணம் இதே அமிலம்தான்.

அதன் மூலக்கூறு சிறியது. நான்கு கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவிலுள்ள இரண்டிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதி. முதலும் கடைசியும் கார்பாக்சில் தொகுதிகள். ஒரு கார்பன், அதோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன், ஒற்றைப் பிணைப்பில் இன்னோர் ஆக்சிஜன், அந்த ஆக்சிஜனில் ஒரு ஹைட்ரஜன்: கார்பாக்சில் என்றால் இவ்வளவுதான். வினிகரின் புளிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, தயிரின் புளிப்பு எல்லாம் இந்தத் தொகுதி தருபவை. தண்ணீரில் இறங்கியதும் அந்த ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுப் புரோட்டானாகக் கழன்றுகொள்ளும். ஆல்கஹாலிலும் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் உண்டு. அது அவ்வளவு எளிதில் கழலாது. கார்பாக்சிலில் மட்டும் ஏன் கழல்கிறது என்றால், பின்னால் மிஞ்சும் எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்களும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதுவரை நீளம் வேறுபட்டிருந்த இரு பிணைப்புகளும் ஒரே நீளமாகிவிடுகின்றன. சுமை பரவியதால் அந்த அயனிக்கு நிலைப்பு கிடைக்கிறது.

ஹைட்ரஜன் விட்டுப்போன இடத்துக்கு வேறொன்று வரும். டார்டாரிக் அமிலத்தில் அப்படி இரண்டு இடங்கள். நடுவிலுள்ள கார்பன்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க, இந்த இரு முனைகளிலும் எந்தக் காலத்தில் எது வந்து சேர்ந்தது என்று எழுதிக்கொண்டே போனால் அதுவே இந்த அமிலத்தின் வாழ்க்கை வரலாறு என்று எனக்குப் படுகிறது. அந்த வரலாறு மருத்துவத்தில், அடுப்படியில், போருக்குப் பிந்தைய ஆய்வகத்தில், உயிர் என்பதன் இயல்பைப் பற்றிய கேள்வியில் எல்லாம் நுழைந்து வெளியே வந்திருக்கிறது.

முதலில் வந்தது பொட்டாசியம். திராட்சைக் கொடி வைட்டமின் சி-யை உடைத்து இந்த அமிலத்தை உண்டாக்குகிறது. பழம் பழுத்த பிறகும் அது பெரிதாகக் குறைவதில்லை. சாற்றில் பொட்டாசியமும் நிறைய உண்டு. ஒரு கார்பாக்சிலில் பொட்டாசியம் சேர, மற்றது தன் ஹைட்ரஜனோடேயே நிற்க, ஓர் அரை உப்பு உருவாகிறது. பொட்டாசியம் ஹைட்ரஜன் டார்ட்ரேட் என்று பெயர். கொதிநீரில் நன்றாகக் கரையும் இது, குளிர்ந்த நீரில் சிறிதளவே கரையும். ஆல்கஹால் கலந்த நீரில் அதைவிடக் குறைவு. சாறு நொதிக்க நொதிக்க ஆல்கஹால் கூடுகிறது, மேலே குளிரும் வருகிறது, உப்பு சுவரைப் பிடித்துக்கொள்கிறது. மதுவில் கரைந்திருக்க முடியாமல் வெளியேறியதுதான் அந்தப் படிவு.

இந்த உப்பு பாதி அமிலமாகவே இருப்பது பின்னாளில் அடுமனைக்குப் பயன்பட்டது. ஆப்பச் சோடாவோடு உலர்ந்த பொடியாகக் கலந்து வைத்தால் ஒன்றும் நடக்காது. ஈர மாவில் பட்டதும் மிச்சமிருக்கும் அந்த ஹைட்ரஜன் கழன்று, சோடாவிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் கிளப்பும். பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1843இல் டார்டாரிக் அமிலத்தையும் சோடாவையும் வைத்து ஒரு பேக்கிங் பவுடர் தயாரித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காகச் செய்த பொடி பின்னர் விற்பனைக்கு வந்தது.

கால்சியம் வந்து சேர்ந்தால் கதை வேறு. அது இரண்டு கார்பாக்சில்களையும் பிடித்துக்கொள்ளும். உண்டாகும் உப்பு நீரில் ஏறக்குறையக் கரையாது. மண்பாண்டத்தின் நுண்துளைகளில் ஊறியிறங்கியது அங்கேயே தங்கிவிடும். வடமேற்கு ஈரானின் ஜாக்ரோஸ் மலைப்பகுதியில் ஹாஜி ஃபிருஸ் தெப்பே என்ற கற்காலக் குடியிருப்பில் கிடைத்த ஜாடியை பேட்ரிக் மெக்கவர்னின் குழு ஆராய்ந்து 1996இல் முடிவை வெளியிட்டது. ஒரு வீட்டுச் சமையலறையின் தரையில் சுவரோரம் புதைத்து வைத்திருந்த ஜாடிகளில் ஒன்று அது. அதில் டார்டாரிக் அமிலத்தின் தடயமும் மரப்பிசினும் இருந்தன. பொ.மு. 5400-5000 காலத்திலேயே அங்கே திராட்சை மது இருந்தது என்று சொல்ல அது சான்றாயிற்று. 2017இல் ஜார்ஜியா நாட்டுப் பானைகள் அந்தக் காலத்தைப் பொ.மு. 6000 வரை பின்னுக்குத் தள்ளின. ஆனால் இந்தச் சான்றை எல்லா ஊருக்கும் அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. நம் நாட்டில் ஒரு பழம்பானையில் டார்டாரிக் அமிலம் கிடைத்தால் அது மது வைத்த பானையாகவும் இருக்கலாம், புளி கரைத்த பானையாகவும் இருக்கலாம். அமிலத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இவ்வளவு காலமும் மனிதர்கள் கையாண்டது உப்பைத்தான். அமிலத்தைத் தனியே யாரும் பார்த்ததில்லை. 1769இல் ஸ்டாக்ஹோமில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அதைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 26. பீப்பாய்ப் படிவைக் கொதிநீரில் கரைத்துச் சுண்ணக்கட்டியைப் போட்டார். கால்சியம் உப்பு கீழே இறங்கியது. அதன்மேல் கந்தக அமிலத்தை ஊற்றினார். கந்தக அமிலம் கால்சியத்தைத் தன்பக்கம் இழுத்து ஜிப்சமாகப் படிய, இரண்டு கார்பாக்சில்களுக்கும் அவற்றின் ஹைட்ரஜன் திரும்பக் கிடைத்தது. வடிகட்டிய நீரைச் சுண்டவைத்தால் தெளிந்த படிகங்கள். ஆக்சிஜன், குளோரின் என்று பின்னால் எத்தனையோ பொருள்களைத் தேடிக் கண்டடைந்த மனிதரின் தொடக்கம் இது. பழங்களின் அமிலங்களைப் பிரித்தெடுக்க அவர் பின்னர் பலமுறை இதே வழியில் போனார்.

ஷீலேக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பிரான்சின் லா ரோஷெல் துறைமுக நகரில் செய்ன்யெத் என்ற மருந்து தயாரிப்பாளர் ஒரு முனையில் பொட்டாசியமும் மறுமுனையில் சோடியமும் உள்ள உப்பைத் தயாரித்து விற்றார். வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து. ரோஷெல் உப்பு என்று ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த உப்பு மறுபடி வரும்.

இப்போது சொல்லப்போவது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அல்சாஸ் பகுதியில் தான் என்ற ஊரில் கெஸ்ட்னர் என்பவர் டார்டாரிக் அமிலத் தொழிற்சாலை நடத்திவந்தார். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய தொட்டிகளில் வேறுவிதமான ஓர் அமிலம் படிந்தது. வேதியியலாளர் கேய்-லுசாக் அதை ஆராய்ந்தார். 1830இல் இன்னொரு வேதியியலாளர் பெர்சிலியஸ் அதன் இயைபு டார்டாரிக் அமிலத்தின் இயைபேதான் என்று காட்டினார். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை; ஆனால் பண்பு வேறு. மாற்றியம் என்று இன்று நம் பாடநூல்கள் சொல்லும் கருத்தை அவர் முன்வைத்ததற்கு இந்த இரு அமிலங்களே முதன்மையான காரணம். முதியவரான இயற்பியலாளர் ழான்-பப்தீஸ்த் பியோ இன்னொரு வேறுபாட்டைக் கண்டார். ஒரே தளத்தில் அதிரும்படி வடித்த ஒளியை டார்டாரிக் அமிலக் கரைசல் வலப்பக்கம் சுழற்றியது. கெஸ்ட்னரின் தொட்டியில் விளைந்த அமிலம் சுழற்றவே இல்லை. இந்த இரண்டாவது அமிலத்தை இனி சுழிமாய் அமிலம் என்றே சொல்கிறேன்.

1844இல் பெர்லினின் மிட்சர்லிக் ஒரு புதிர் போட்டார். இரண்டு அமிலங்களையும் ஒரு முனையில் சோடியமும் மறுமுனையில் அம்மோனியமும் உள்ள உப்பாக்கினால் படிகங்கள் எல்லா விதத்திலும் ஒன்றாகவே இருக்கின்றன, ஒளியில் மட்டும் வேறுபடுகின்றன என்றார். 1848இல் பாரிஸின் எக்கோல் நோர்மாலில் 25 வயது லூயி பாஸ்டர் இதை நம்ப மறுத்து மறுபடி பார்த்தார். சாதாரண டார்ட்ரேட் படிகங்களின் ஓரத்தில் சிறு முகங்கள் உண்டு. அவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதை அவர் கவனித்திருந்தார். சுழிமாய் அமிலத்தின் உப்பில் அந்தச் சாய்வு இருக்காது என்று எதிர்பார்த்தார். இருந்தது. ஆனால் சில படிகங்களில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் சாய்ந்திருந்தது. ஒரு படிகம் இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம். வலக்கையை எப்படித் திருப்பி வைத்தாலும் இடக்கையாகாதது போல, அவையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாதவை.

பாஸ்டர் ஒவ்வொரு படிகமாக எடுத்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். இரண்டையும் தனித்தனியே கரைத்தார். ஒன்று ஒளியை வலப்பக்கம் சுழற்றியது. மற்றது அதே அளவு இடப்பக்கம் சுழற்றியது. இரண்டையும் சம அளவில் கலந்தால் சுழற்சி மறைந்தது. இந்தச் செய்தி பியோவின் காதுக்குப் போனபோது அவர் எளிதில் ஏற்கவில்லை. அப்போது அவருக்கு வயது 74; ஒளிச்சுழற்சி ஆய்வில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டவர். அமிலத்தையும் சோடாவையும் அம்மோனியாவையும் தானே கொடுத்து, தன் கண்முன் கலக்கச் சொன்னார். கரைசலைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். படிகம் விளைந்ததும் பாஸ்டரை அழைத்துப் பிரிக்கச் சொல்லி, முதலில் இடச்சுழற்சிக் குவியலைக் கரைத்துத் தன் கருவியில் பார்த்தார். ஒளி திரும்பியது. அந்த முதியவர் நெகிழ்ந்துபோனதைப் பாஸ்டர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். வயதும் புகழும் உள்ள ஒருவர் ஓர் இளைஞனின் கண்டுபிடிப்பை இப்படி முழுமையாகச் சோதித்து, பிறகு முழுமையாக ஏற்றுக்கொண்டது அறிவியலில் அடிக்கடி நடப்பதல்ல.

இதில் கார்பாக்சில்களின் பங்கு பெரிது. கண்ணாடிப் பிம்ப மூலக்கூறுகள் கலந்திருக்கும் கரைசலைப் படிகமாக்கினால் பெரும்பாலும் ஒவ்வொரு படிகத்திலும் இரண்டும் சரிபாதியாகக் கலந்தே அடுக்கப்படும். இருவகையும் தனித்தனிப் படிகமாகப் பிரிவது அரிது. முனைகளில் சோடியமும் அம்மோனியமும் வந்து சேர்ந்த இந்த உப்பு அந்த அரிதான வகையைச் சேர்ந்தது. அதுவும் சுமார் 27 பாகை செல்சியஸுக்குக் கீழே மட்டும். அதற்கு மேலே போனால் கலந்த படிகமே விளையும். பாரிஸின் குளிர் உதவியது. அதே பாத்திரம் சித்திரை மாதத்துச் சென்னையில் திறந்த அறையில் இருந்திருந்தால் பிரித்தெடுக்க எதுவும் விளைந்திருக்காது.

பிறகு பாஸ்டர் சுழிமாய் அமிலத்தின் பிறப்பிடம் தேடிப் புறப்பட்டார். கெஸ்ட்னரின் தொட்டியில் அது மறுபடி விளையவில்லை. 1852இன் இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் சாக்சனியில் லைப்சிக், ஸ்விக்காவ் அருகிலிருந்த தொழிற்சாலை, அங்கிருந்து வியன்னா, பிராக் என்று ஊர் ஊராகப் போய் டார்டாரிக் அமிலம் செய்கிறவர்களிடம் விசாரித்தார். சுத்திகரிக்காத படிவிலேயே அது சிறிதளவு இருக்கிறது, பாதி சுத்திகரித்த சரக்கை வாங்கும் ஆலைகளில் அது முன்பே போய்விடுகிறது என்று கண்டார். அடுத்த ஆண்டே சாதாரண அமிலத்தின் முனையில் சிங்கோனைன் என்ற சிங்கோனாப் பட்டைக் காரத்தைச் சேர்த்துச் சூடாக்கி, சுழிமாய் அமிலத்தைத் தாமே செய்துகாட்டினார். பாரிஸ் மருந்தியல் சங்கம் அதற்கு 1,500 பிராங்க் பரிசளித்தது. சில ஆண்டுகள் கழித்து, சுழிமாய் அமிலத்தின் அம்மோனியம் உப்பில் ஒரு பூஞ்சையை வளரவிட்டபோது, அது வலவகையைத் தின்றுவிட்டு இடவகையை அப்படியே விட்டுவைத்தது. ஒளிக்கருவிக்கு மட்டும் தெரிந்த வேறுபாடு ஓர் உயிருக்கும் தெரிந்திருந்தது. நொதித்தலையும் நுண்ணுயிர்களையும் நோக்கி அவர் போன பாதையின் ஒரு கிளை இங்கிருந்து தொடங்குகிறது. 1874இல் வான்ட் ஹாஃபும் ல பெல்லும் கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்குகின்றன என்று சொல்ல, இந்த இட வல வேறுபாட்டுக்கு விளக்கம் கிடைத்தது.

தாமிரத்தோடு இந்த அமிலத்துக்குள்ள உறவு நம் வீடுகளுக்குத் தெரிந்தது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். அதே பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருந்தால் களிம்பு ஏறிவிடும். அதனால்தான் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். இரண்டும் ஒரே காரியம்: அமிலம் தாமிரத்தைக் கரைத்து எடுக்கிறது. 1849இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபெலிங் இந்தப் பிடியை ஒரு சோதனையாக்கினார். காரக் கரைசலில் தாமிரம் வழக்கமாக நீலப் படிவாகக் கீழே இறங்கிவிடும். ரோஷெல் உப்பு இருந்தால் டார்ட்ரேட் தாமிரத்தை வளைத்துப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும்; இதில் நடுவிலுள்ள ஹைட்ராக்சில்களும் சேர்ந்துகொள்கின்றன. குளுக்கோஸ் சேர்த்துச் சூடாக்கினால் கருநீலம் போய்ச் செங்கல் சிவப்பு வீழ்படிவு இறங்கும். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரைப் பல காலம் இப்படித்தான் சோதித்தார்கள். பிளஸ் டூ ஆய்வகத்தில் ஃபெலிங் அ, ஃபெலிங் ஆ என்று இரண்டு புட்டிகளைக் கலந்தவர்கள் எல்லோரும் அந்த லா ரோஷெல் பேதி உப்பைக் கையாண்டவர்கள்தான்.

ஆண்டிமனி சேர்ந்தபோது இதே அமிலம் துயரத்தோடும் பிணைந்தது. பொட்டாசியமும் ஆண்டிமனியும் உள்ள டார்ட்ரேட் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே வாந்தி எடுக்கவைக்கும் மருந்து. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒட்டுண்ணி நோய்களுக்கு ஊசியாயிற்று. பிரேசிலில் காஸ்பர் வியானா 1912இல் லீஷ்மேனியா நோய்க்கு அதைப் பயன்படுத்தினார். கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் 1915இல் அந்நோயின் ஒரு வகையான காலா அசாருக்குக் கொடுத்தார். வேலை செய்தது, ஆனால் நஞ்சும் அதிகம். கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமின் என்ற இன்னொரு ஆண்டிமனி மருந்தை உருவாக்கிய பிறகு காலா அசார் நோயாளிகளுக்கு உண்மையான விடிவு வந்தது. எகிப்தில் நத்தைக் காய்ச்சலுக்கு எதிராக அரசு 1980கள் வரை ஊர் ஊராக டார்ட்ரேட் ஊசி போட்டது. சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளால் ஹெபடைடிஸ் சி பரவி, அந்த நோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆயிற்று. குற்றம் மருந்தின் மூலக்கூறில் இல்லை, ஊசியில். ஆனாலும் இந்த அமிலத்தின் வரலாற்றை எழுதுகிறவர் அந்தக் கிராமங்களை விட்டுவிடக்கூடாது.

ரோஷெல் உப்பின் மறுபிறவி மின்சாரத்தில். வலவகை மூலக்கூறு மட்டும் அடுக்கிய படிகத்தில் சமச்சீர் மையம் இருக்க முடியாது. அப்படிப்பட்ட படிகங்களில் பலவற்றை அழுத்தினால் மின்சுமை தோன்றும். ழாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் இந்த விளைவைக் கண்டபோது சோதித்த படிகங்களில் ரோஷெல் உப்பும் ஒன்று. 1920இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் அதில் இன்னொன்றைக் கண்டார்: வெளி மின்புலத்தால் படிகத்தின் மின்முனைவைத் திருப்பலாம், புலத்தை எடுத்த பிறகும் அது திரும்பியபடியே நிற்கும். ஃபெரோமின் பண்பு என்ற துறை இந்த உப்பில்தான் தொடங்கியது. 1930களில் கிராமபோன் ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளிலும் மைக்ரோபோன்களிலும் அதன் மெல்லிய தகடுகள் இருந்தன. ஈரம் பட்டால் கரையும், கொஞ்சம் சூடு ஏறினாலே கெடும் என்பதால் பேரியம் டைட்டனேட் வந்ததும் அது ஒதுங்கியது.

வலவகை, இடவகை என்று நூறு ஆண்டு பேசியும் ஒரு கேள்வி திறந்தே கிடந்தது. ஒளியை வலப்பக்கம் சுழற்றும் மூலக்கூறின் உண்மையான வடிவம் இரண்டு கண்ணாடிப் பிம்பங்களில் எது? எமில் ஃபிஷர் 1891இல் சர்க்கரைகளுக்கு ஒன்றைத் தேர்ந்து வரைந்தார். சரியாக இருக்க வாய்ப்பு பாதி. அதை அவரும் அறிவார். எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய வழி வந்த பிறகும் அது கண்ணாடிப் பிம்பங்களை வேறுபடுத்தவில்லை. 1951இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் வான்ட் ஹாஃப் ஆய்வகத்தில் பைவூட், பீர்டெமன், வான் பொம்மல் மூவரும் அமிலத்தின் முனைகளில் சோடியத்தையும் ருபிடியத்தையும் சேர்த்தார்கள். ஜிர்கோனியத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர் ருபிடியத்தின் உள் எலக்ட்ரான்களை உலுக்கும் அளவுக்கு ஆற்றல் உடையது. அதனால் சிதறும் கதிரின் கட்டம் சிறிது பிசகி, இட வலப் பிம்பங்கள் தரும் புள்ளிகளின் அடர்த்தி வேறுபட்டது. அதை அளந்து மூலக்கூறின் வடிவத்தைத் தீர்மானித்தார்கள். ஃபிஷர் வரைந்தது சரி என்று தெரிந்தது. அதற்குள் உலகெங்கும் அச்சாகியிருந்த அத்தனை சர்க்கரைகளின், அமினோ அமிலங்களின் படங்களையும் திருப்பி வரைய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

1980இல் பாரி ஷார்ப்லெஸும் சுடோமு கட்சுகியும் இரண்டு கார்பாக்சில்களையும் எத்தில் எஸ்டராக்கி, டைட்டேனியத்தோடு சேர்த்து, ஒருவகை ஆல்கஹால்களின் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜனை வேண்டிய பக்கத்திலிருந்து மட்டும் சேர்க்க வழி கண்டார்கள். இயற்கையில் கிடைக்கும் வலவகை டார்ட்ரேட்டைப் போட்டால் ஒரு பிம்பம், இடவகையைப் போட்டால் மறுபிம்பம். மருந்து மூலக்கூறுகளில் ஒரு பிம்பம் குணப்படுத்தி மற்றது பயனற்றோ தீங்காகவோ போவதுண்டு. ஆகவே இந்தத் தேர்வு மிகவும் விலைமதிப்புள்ளது. இத்தகைய வினைகளுக்காக ஷார்ப்லெஸ் 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இடவகை டார்ட்ரேட்டுக்கு விலை அதிகம். வலவகை மலிவு, அதன் பெரும்பகுதி இன்றும் மது ஆலைகளின் படிவிலிருந்தும் வண்டலிலிருந்தும் வருகிறது.